கட்டை விரலா, காதா

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து நசநசவென்று தூறல். யூனிஃபார்ம் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அப்படியும் அக்குளில் ஈரம்.

வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் சுடும் தேர்வு. ஃபெயில்.

எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதலாம்.

ஐந்து ரவுண்டு சுடு, குண்டு அடைத்த மேகசினை மாற்று, மறுபடி ஐந்து, விசில் ஊதுவதற்குள். அவ்வளவுதான் தேர்வு. எஸ்கார்ட் வேலைக்கு, அதாவது காவலுக்குக் கூடப் போகிற போலீஸ்காரர்களான எங்களுக்குக் கொடுத்திருப்பது சின்ன பிஸ்டல். ஐந்தாவது போனதும் அதன் மேல்பாகம், ஸ்லைடு, பின்னால் போய் அப்படியே நின்றுகொள்ள வேண்டும். காலி, அடுத்ததைப் போடு என்று அர்த்தம். அதைப் பிடித்து நிறுத்துவது இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டித் தகடு. ஸ்லைடு லாக் என்பார்கள். பார்க்கக் குழந்தையின் காது மாதிரி இருக்கும். நான் காது என்றே சொல்வேன்.

இன்று காது பிடிக்கவில்லை. ஐந்து முடிந்தும் ஸ்லைடு மூடிக்கொண்டு நின்றது. நான் எண்ணிக்கையில் ஏமாந்தேன். இன்னும் ஒன்று இருக்கிறது என்று ட்ரிகரை இழுத்தால் டிக். மேகசினை மாற்றி, ஸ்லைடைக் கையால் இழுத்து விட்டு, இரண்டு சுடுவதற்குள் விசில். மூன்று ரவுண்டு மிச்சம்.

எஸ்.ஐ. சார், எங்களுக்குச் சுடப் பழக்குகிறவர், வந்து என் கையைத்தான் பார்த்தார். பிஸ்டலைப் பார்க்கவில்லை.

"கட்ட வெரல எங்க வெச்சிக்கிற பாரு. லாக்கு மேல ஏறி உக்காந்துக்கினு கீது. அப்பறம் அது எங்கேர்ந்து எழும்பும்?"

"இல்ல சார், வெரலு கீழதான் இருந்திச்சி."

"கொழந்த பொறந்தப்பறம் கை மறந்துபூடுச்சி உனக்கு. அடுத்த வாரம் புதன் இன்னொரு சான்ஸு. அதான் கடைசி."

அப்புறம் மூக்கை உறிஞ்சினார். "யார்யா ரேஞ்சுக்கு சென்ட்டு அடிச்சிக்கினு வந்தது?"

பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள், என் பக்கம். நான் ஒருத்திதானே பெண். இன்றைக்கு நான் பவுடர்கூடப் போடவில்லை. ஆனால் லேசாக ஒரு வாசனை இருந்தது உண்மை.

ஃபெயில் ஆனால் எஸ்கார்ட்டிலிருந்து பொதுப் பட்டியல். பொதுப் பட்டியலிலிருந்துதான் இந்த மாதம் ஏனாமுக்கு இரண்டு வருஷத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். பெயருக்குப் புதுச்சேரி, இருப்பது ஆந்திராவில். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து காக்கிநாடாவில் இறங்கி அப்புறம் பஸ். என் மகள் இனியாவுக்கு இரண்டரை வயசு.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. மூடாப்பு. கோயிலில் அன்னாபிஷேகம், அத்தை வாழை இலையில் ஒரு கவளம் சோறு வாங்கி வந்தாள். அதைத் தின்றுகொண்டிருக்கும்போதே வீட்டில் சொன்னேன். சாமி சோறு வாயில் இருந்தால் திட்டு குறைவாக விழும் என்று ஒரு கணக்கு.

அத்தை என்றால் மாமியார். அவளுக்கு ஏனாம் தெரியவில்லை.

"அது எங்க கீது? காரைக்கால் தாண்டியா?"

"அதுக்கு நேர் எதிர் தெச அத்த. ஆந்திரா."

"வாரம் ஒருக்கா வந்துட்டுப் போவலாமா?"

"மாசம் ஒருக்காவே கஷ்டம்."

அத்தை முட்டியைத் தடவிக்கொண்டாள். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம். கிருமாம்பாக்கத்தில் எங்கள் வீட்டு கேட்டிலிருந்து கடலூர் ரோடு நாற்பது அடி. பஸ்காரன்கள் அங்கே பறப்பார்கள். இனியாவுக்கு கேட்டைத் திறக்கத் தெரிந்துவிட்டது. இவர், என் வீட்டுக்காரர், விடிந்தால் வயல், அடைந்தால் வீடு. இரண்டு காணி சம்பா நட்டிருக்கிறார், இப்போது அதில் முழங்கால் தண்ணீர்.

இவருக்கு எல்லாமே சுலபம்.

"வெரல்தான்னா வெரல மாத்துடி. துப்பாக்கி கெவர்மெண்ட்டுது, வெரலு நம்மளுது."

மனசு ஆறவில்லை. என் விரல் கீழேதான் இருந்தது. இருந்ததா? நூறு முறை நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க விரல் மேலே ஏறுகிறது.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டு விட்டு. மணப்பட்டு மீன்காரம்மா வரவில்லை. கடல் சரியில்லையாம். முட்டைக் குழம்பு.

பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. இவர் மருந்தடிக்கிற ஸ்பிரேயரின் கைப்பிடியைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தார். "இத வெச்சிப் பழவு. இதுக்கும் வெரலு வெக்கிற எடம் கீது." சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பழகினேன்.

க.வி. (கட்டை விரல்) வைக்க வேண்டிய விதம்:
1. முன்பக்கம் நீட்டி, கீழே.
2. மேலே தூக்கி, எதையும் தொடாமல். (பிடி தளர்கிறது.)
3. இடது க.வி. மேல் வலது க.வி. (நன்றாக இருக்கிறது. சுடும்போது ஞாபகம் இருக்குமா?)

மேலே ஏறாமல் இருக்க க.வி.யின் முட்டியில் ஒரு பிளாஸ்திரி. உரசினால் தெரியும். இனியாவும் விரலை நீட்டினாள். அவளுக்கும் ஒன்று ஒட்டினேன். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பிளாஸ்திரியோடு ஸ்பிரேயரைச் சுவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தோம்.

அத்தை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் ஒரு மணி நேரம். ஸ்டேஷன் கொடிக்கயிற்றில் யூனிஃபார்மைக் காயப்போட்டதற்குத் திட்டு.

ஆயுதம் துடைக்கிற நாள். ஒரு யோசனை வந்தது. இரண்டு நாள் முன்னால் வந்திருக்க வேண்டிய யோசனை. காலி மேகசினைப் போட்டு, ஸ்லைடைக் கையால் பின்னால் இழுத்துவிட்டால், காது எழும்பிப் பிடிக்க வேண்டும். அப்போது என் க.வி. அந்தப் பக்கமே இல்லை. விரல்தான் குற்றவாளி என்றால் பத்துக்குப் பத்து பிடிக்கும்.

எல்லாம் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு ஆரம்பித்தேன்.

மே. (மேகசின்) 1: பத்தில் நாலு.
மே. 2: பத்தில் ஐந்து.
என் மே. 1, கூட வேலை பார்க்கும் முருகன் பிஸ்டலில்: பத்துக்குப் பத்து.
முருகன் மேகசின், என் பிஸ்டலில்: பத்தில் நாலு.

மேகசின் மேல் குற்றமில்லை. விரல் மேலும் இல்லை. காதுதான். கையால் நகர்த்திப் பார்த்தால் மந்தமாக ஏறுகிறது. முருகனுடையது சட்டென்று ஏறுகிறது. விரலைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஆயுத அறை ஏட்டு ராஜவேலுவிடம் போய்ச் சொன்னேன். கழற்றிப் பார்க்க அவருக்குத்தான் அதிகாரம். நாங்கள் வெளியே துடைக்கலாம், எண்ணெய் விடலாம், அதோடு சரி. அவர் டிபனைக்கூட மூடவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"எண்ணிப் பாத்துட்டேன் ஏட்டய்யா. பத்துல நாலுதான் புடிக்கிது."

"சரி. கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடு. எழுதுனா பிஸ்டல் ரிப்பேருக்குப் போவும். எப்ப வரும்னு கேக்காத. புதன்கெழம உன் கையில இருக்காது. எழுதுறியா?"

நம்பர் போட்ட அவரவர் பிஸ்டலில்தான் தேர்வு. கையில் பிஸ்டல் இல்லாவிட்டால் வரவில்லை என்று போடுவார்கள். வரவில்லை என்றாலும் ஏனாம், ஃபெயில் என்றாலும் ஏனாம்.

எழுதவில்லை.

நவம்பர் 8, சனி

கொட்டு கொட்டென்று கொட்டியது. இவர் மண்வெட்டியோடு வயலில் வடிகால் வெட்டப் போய் சேறாக வந்தார்.

ஃபோனில் ரயில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இறங்கும் ஸ்டேஷன் பெயரை இனியா கேட்டால் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரி.

பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான். இரண்டு வருஷம் கழித்து வந்தால் அவள் அத்தையை அம்மா என்பாள். அதுகூடப் பரவாயில்லை. அந்த கேட்.

இவர் கேட்டுக்கு மேல்தாழ்ப்பாள் போடுகிறேன் என்றார். நாற்காலி நகர்த்த இனியாவுக்குத் தெரியும் என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஏம்பலத்தில் வளைகாப்பு. இவரின் தங்கை. கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் வீடு, சகதியில் நான்கு தடவை செருப்பு மாட்டிக்கொண்டது. ஐந்து சாதம், தக்காளி சாதம் மட்டும் சுமார்.

வரிசையாக நின்று சந்தனம் பூசினோம், கன்னத்தில், கையில். என் முறை வந்தது. பூசிவிட்டுக் கையைத் துடைக்க இடமில்லை, புடவை பட்டு. அப்படியே விட்டுவிட்டேன். சாப்பிட உட்காரும்போது பார்த்தால் சந்தனம் காய்ந்து க.வி. மடங்கவில்லை. தோல் இழுத்துக்கொண்டு, மரத்துப்போன மாதிரி.

முகர்ந்தேன்.

ரேஞ்சில் வந்த வாசனை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி, "இன்னாடி வெரல மோந்துக்கினே கீற, சாப்புடு" என்றாள். சாப்பிட்டேனா தெரியாது. பாயசம் இரண்டு முறை வாங்கியதாக இவர் சொல்கிறார்.

ஆயுத பூஜை. சந்தனம். நான்.

நவம்பர் 10, திங்கள்

வானம் வெளுத்தது. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உடைத்துக் காகிதத்தில் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். பதினோரு வருஷ சர்வீஸில் ஸ்டேஷனுக்கு ஈர்க்குச்சி கொண்டு போனது இதுதான் முதல் தடவை.

பிஸ்டலை வாங்கி, காலி பார்த்து, காதுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் குச்சியை விட்டு ஒரு இழு. வெள்ளைத் துணியில் துடைத்தேன். மஞ்சள். நடுவில் கொஞ்சம் சிவப்பு. எண்ணெயில் ஊறிக் களிம்பாக வந்தது.

நடந்தது என்னவென்றால்: போன மாதம் ஆயுத பூஜை அன்று எல்லா ஆயுதத்தையும் மேஜையில் பரப்பி, ஏட்டய்யா கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். பொட்டு வைப்பது பொம்பளை வேலையாம். வைத்தேன். எல்லாத் துப்பாக்கிக்கும் மேலே ஒரு பொட்டு, சந்தனம், குங்குமம். கடைசியில் என்னுடையது. பிரசவ லீவு, அதற்குப் பிறகு ஆபீஸ் வேலை, எல்லாம் முடிந்து அப்போதுதான் அதை மறுபடி என் கையில் கொடுத்திருந்தார்கள். ஆசை. மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டு, காதுக்குப் பின்னால் இன்னொன்று வைத்தேன். இனியாவை வெளியே தூக்கிப் போகும்போது வைப்பேனே, திருஷ்டிக்கு, அதே மாதிரி. நன்றாக அழுத்தி. பூஜை முடிந்து மேலே துடைத்தேன். மழைக்காலம், துருப்பிடிக்குமே என்று அந்த இடுக்கில் எண்ணெயும் விட்டேன், தாராளமாக. அப்புறம் தேர்வு வரை ஒரு ரவுண்டுகூடச் சுடவில்லை.

கூடம் கோணல்தான். கோணலாக்கினது நானேதான்.

சொல்லாமல் குச்சியாலேயே சுத்தம் பண்ணிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. உள்ளே எவ்வளவு போயிருக்கிறதோ. புதன்கிழமை பாதியில் மாட்டிக்கொண்டால்? ஏட்டய்யாவிடம் போனேன்.

"ஏட்டய்யா, இத கொஞ்சம் மோந்து பாருங்க."

"இன்னாத்த?"

"பிஸ்டல."

மேலும் கீழும் என்னைப் பார்த்தார். முகர்ந்தார். துணியைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"பூஜக்கி வெச்சதா?"

"ஆமா."

"யாரு வெச்சது?"

"நான்தான்."

"கிண்ணத்தக் குடுத்தது?"

"நீங்கதான்."

துணியை மடித்தார். அப்புறம் மெதுவாக, அவரே அவரைக் கேட்டுக்கொள்வது போல, "பூஜ முடிஞ்சி எல்லாத்தயும் செக் பண்ணியாச்சின்னு ரெஜிஸ்டர்ல கையெழுத்து..."

"அதுவும் நீங்கதான் ஏட்டய்யா."

எழுந்து கதவைச் சாத்தினார். கம்ப்ளெய்ன்ட், ரிப்பேர் என்ற பேச்சே இல்லை. கழற்றினார். அந்தக் குட்டித் தகட்டின் அடியில் அரிசி மணி அளவுக்கு இறுகிப்போன சந்தனம். பழைய பல் விளக்கும் பிரஷ், மண்ணெண்ணெய், துணி. கால் மணி நேரம். மறுபடி பூட்டி, காலி மேகசினைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

மே. 1: இருபதுக்கு இருபது.
மே. 2: இருபதுக்கு இருபது.

ஒவ்வொரு தடவையும் டக் டக்கென்று. இருபதாவதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மண்ணெண்ணெய் நெடி என்றேன்.

"கம்ப்ளெய்ன்ட் எழுதணுமா ஏட்டய்யா?"

"எதுக்கு? ஒடஞ்சாத்தான் ரிப்பேரு. இது அழுக்கு எடுக்கறது. அதுக்கு எழுத்து கெடையாது." தகடு போன இடத்தை மறுபடி ஒருமுறை துடைத்தார். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. ஆயுதத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வெச்சாங்கன்னு கடலூர் வரிக்கும் சிரிப்பானுங்க."

"நான் இன்னாத்துக்குச் சொல்லப் போறேன்."

வெளியே வரும்போது கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று பார்த்தேன். "அந்தக் குச்சிய எடுத்துக்கினு போ" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

இவரிடம் மட்டும் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொல்வது சொல்வதில் சேராது. கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தார். "நல்ல வேளடி, பால் குடுக்காம வுட்டியே." ஸ்பிரேயர் கைப்பிடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வயலுக்குப் போனார். வரப்பு வரை கேட்டது சிரிப்பு.

சாயங்காலம் இனியாவுக்கு மை வைக்கும்போது கை ஒரு நொடி நின்றது. அப்புறம் வைத்தேன்.

இப்போது ஒரு புதுப் பயம். காது சரியாகிவிட்டது, நாளைக்கு நிஜமாகவே விரல் ஏறிவிட்டால்? இனி சாக்கு சொல்ல ஒன்றும் இல்லை. பிளாஸ்திரியைப் புதிதாக மாற்றி ஒட்டினேன்.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. ரேஞ்சில் சேறு, பலகை போட்டு நிற்கச் சொன்னார்கள். மறுவாய்ப்புக்கு நாலு பேர், நான் மூன்றாவது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. வாய்விட்டு எண்ணினேன், யார் சிரித்தால் எனக்கென்ன. ஐந்து.

நின்றது. ஸ்லைடு பின்னால் போய் அப்படியே நின்றது. உள்ளே காலி, பளிச்சென்று தெரிந்தது. அந்த ஒரு நொடி ஒரு வேலையும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அப்புறம் பழைய மேகசின் கீழே, புதுசு உள்ளே, ஐந்து. கடைசி ரவுண்டுக்கும் விசிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட நேரம் இருந்தது.

பாஸ்.

எஸ்.ஐ. சார் டார்கெட்டைப் பார்த்துவிட்டு வந்தார். என் பிளாஸ்திரியைச் சுட்டிக் காட்டி மற்றவர்களிடம், "பாத்துக்கங்கடா. வெரலுன்னேன். ஒத்துக்கினு போய் ஒரு வாரம் பழவுச்சி. இப்ப இன்னா ஆச்சி?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

"சென்ட்டும் போடாம வந்துக்கிற. அதான் டிசிப்ளின்."

"ஆமா சார்."

ஏட்டய்யா தூரத்தில் ரவுண்டு பெட்டியை எண்ணுவது மாதிரி குனிந்துகொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. வேறு ஒரு நாளாக இருந்தால் சாரிடம் ஏதாவது சொல்லியிருப்பேன். இன்று யார் வேண்டுமானாலும் பெருமையை எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

கடையில் இரண்டு டீ, தொடர்ந்து. அத்தைக்கு ஃபோன்.

"அத்த, பாஸு."

"அப்ப அந்த ஊருக்குப் போவ வாணாமா?"

"லிஸ்ட்டு ஒட்டணும். ஆனா போவ வாணாம்."

ஃபோனை வைக்காமலே யாரையோ பார்த்து, "முட்டிக்கி எண்ண எடுத்தாடி" என்று சத்தம் போட்டாள். வீட்டில் இருப்பது அவளும் இனியாவும் மட்டும்தான்.

நவம்பர் 14, வெள்ளி

இளவெயில். வயலில் தண்ணீர் வடிந்துவிட்டது, பாதி நாற்று பிழைக்கும் என்கிறார் இவர்.

லிஸ்ட் ஒட்டினார்கள். ஏனாமுக்கு மூன்று பேர். மேலிருந்து கீழ் ஒருமுறை, கீழிருந்து மேல் ஒருமுறை படித்தேன். என் பெயர் இல்லை. மூன்றில் ஒருவருக்குப் போன மாதம்தான் கல்யாணம். அதைப் பார்த்ததும் சந்தோஷம் கொஞ்சம் கூசியது. ஆனாலும் சந்தோஷம்தான், இங்கே பொய் எழுத மாட்டேன்.

நாலரை பஸ். ஸ்டாப்பில் இறங்கும்போதே இனியா என்னைப் பார்த்துவிட்டாள். தாழ்ப்பாள், நாற்காலி, எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அம்மா என்று கத்திக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்து ஓடி வந்தாள். கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அத்தை சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "புடி, புடி, புள்ளயப் புடி" என்று கத்தினாள்.

பையைக் கீழே போட்டேன். ஓடினேன். பிடித்தேன்.